ஏர் ஃபில்டரில் எஞ்சின் ஆயில்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் முறை

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் அடியில் கறுத்த ஆயில் தேங்கி நின்றால், "ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கும் வளையம்.) இந்தக் குறையோடு என்னிடம் வந்த வண்டிகளில் எஞ்சினை இறக்க வேண்டியிருந்தவை குறைவு. கூடுதல் ஆயிலை வெளியே எடுத்து, ஒரு ரப்பர் குழாயைக் கழுவி மாட்டியதோடு முடிந்தவையே அதிகம். ஆகவே செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி, செலவு மிக்க சோதனையை நோக்கிப் படிப்படியாகச் செல்வதே முறை. கீழே சொல்லியிருப்பது பெரும்பாலும் 100 முதல் 200 சிசி வரையிலான, ஒற்றை சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் பொருந்தும். கார்களுக்குரியதை இறுதியில் தனியாகச் சொல்கிறேன்.

ஃபில்டர் பெட்டிக்கு ஆயில் வரும் வழி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறுவதற்காக, ஹெட் கவரிலிருந்தோ (எஞ்சினின் மேல்மூடி) கிராங்க் கேஸிலிருந்தோ (ஆயில் தங்கும் அடிப்பகுதி) ஒரு ரப்பர் குழாய் ஃபில்டர் பெட்டிக்கு வருகிறது. அதைப் பிரீதர் ஹோஸ் என்பார்கள். அந்த வாயுவோடு ஆயில் ஏன் இவ்வளவு சேர்ந்து வருகிறது என்பதே நாம் விடை தேடும் கேள்வி.

## எதையும் கழற்றும் முன்: ஆயில் மட்டம்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை இதுதான். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல்) ஓடவிட்டு அணைத்து, மேலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்து மட்டத்தைப் பாருங்கள். டிப் ஸ்டிக்கைத் துடைத்த பின் அதைத் திருகி இறுக்கிப் பார்ப்பதா, திருகாமல் துளையின் மேல் உட்கார வைத்துப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பல வண்டிகளில் திருகாமல்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் அது ஒரு வரியில் சொல்லப்பட்டிருக்கும். திருகாமல் பார்க்க வேண்டிய குச்சியைத் திருகிப் பார்த்தால் அது ஆயிலுக்குள் ஆழமாக இறங்கும். மட்டம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்த மட்டத்துக்கு மதிப்பே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்க்கும் வகை என்றால், வண்டியை நிமிர்த்திப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

இந்தச் சோதனையில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஒரு ஸ்கூட்டரில் மட்டம் சரியாகவே காட்டியது, ஆயிலோ தொடர்ந்து ஃபில்டருக்கு வந்துகொண்டிருந்தது. ரிங் செட்டுக்குச் சொல்லிவிட்ட பிறகு, ஏதோ ஒரு சந்தேகத்தில் ஆயில் முழுவதையும் வடித்துவிட்டு, கையேட்டில் இருந்தபடி 700 மி.லி.யை அளவுக் குவளையில் அளந்து ஊற்றினேன். ஆயில் கீழ்க்கோட்டைக் கூடத் தொடவில்லை. பழைய டிப் ஸ்டிக் உடைந்தபோது வேறு மாடலுடைய குச்சியை யாரோ மாட்டியிருந்தார்கள். அதன் கோட்டை நம்பி ஒவ்வொரு சர்வீஸிலும் கூடுதலாக ஊற்றப்பட்டிருக்கிறது. மட்டம் சரியாகக் காட்டியும் குறை தீரவில்லை என்றால், வடித்து அளந்து ஊற்றிப் பார்ப்பதே கடைசி உறுதி.

## அறிகுறி: பெட்டியின் அடியில் உள்ள வடிகுழாயில் மட்டும் ஆயில், ஃபில்டர் உலர்ந்திருக்கிறது

இது பெரும்பாலும் குறையே அல்ல. ஃபில்டர் பெட்டியின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் மூடியோடு தொங்கும். உள்ளே சேரும் ஆயிலும் நீரும் அங்கே இறங்கி நிற்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. பல வண்டிகளில் அது ஒளி ஊடுருவும் குழாய் என்பதால், குனிந்து பார்த்தாலே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தெரியும். மூடியைக் கழற்றி ஒரு பழைய டப்பாவில் வடித்துவிட்டு மறுபடி மூடிவிடுங்கள். மழையில் ஓட்டிய பிறகும், வண்டியைக் கழுவிய பிறகும், நெடுநேரம் முழு வேகத்தில் ஓட்டிய பிறகும் இதை வழக்கத்தைவிட முன்னதாகவே பார்க்க வேண்டும். இந்தக் குழாயை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டு, அது நிறைந்து வழிந்து ஃபில்டரை நனைத்த வண்டிகளும் உண்டு.

வடித்த ஒரு வாரத்திலேயே குழாய் மீண்டும் நிறைந்தால், அதைக் குறையாகக் கொண்டு கீழே உள்ள தலைப்புகளுக்குச் செல்லுங்கள்.

## அறிகுறி: ஃபில்டர் காகிதம் முழுவதும் ஒரே சீராகப் பிசுபிசுக்கிறது

சில வண்டிகளுக்கான காகித ஃபில்டர் தொழிற்சாலையிலேயே ஒரு வகை எண்ணெயில் ஊற வைக்கப்பட்டு வருகிறது; தூசியைப் பிடிப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். புதிதாக வாங்கிய ஃபில்டரே கையில் ஒட்டும். ஃபோம் வகை ஃபில்டருக்கோ நாமே எண்ணெய் தடவிப் பிழிந்துதான் மாட்ட வேண்டும். இதை எஞ்சின் ஆயில் என்று எண்ணிக் கவலைப்படுவோர் பலர்.

வேறுபாட்டைக் கண்டறிவது எளிது. தொழிற்சாலை எண்ணெய் எல்லா மடிப்பிலும் ஒரே அளவாக இருக்கும், சொட்டாது. எஞ்சின் ஆயில் பிரீதர் ஹோஸ் வந்து சேரும் பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் கறுப்பாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். வெள்ளைத் துணியை வைத்து அழுத்தினால் துணி நனையும். கறுப்பாக இருந்தும் தொட்டால் உலர்ந்த கரிப்பொடியாக உதிர்ந்தால் அது ஆயிலே அல்ல. பல வண்டிகளில் புகைபோக்கியில் காற்றைச் சேர்க்கும் வால்விலிருந்து வரும் இன்னொரு ஹோஸும் இதே பெட்டியில்தான் சேர்கிறது. அந்த வால்வு கெட்டால் புகைக்கரி திரும்பி வரும். அங்கே ரிங்கைப் பற்றிப் பேசுவதற்கு இடமில்லை, வால்வை மாற்றினால் போதும்.

## அறிகுறி: சர்வீஸ் முடிந்து சில நாட்களிலேயே ஆயில் வரத் தொடங்கியது

ஆயில் கூடுதலாக ஊற்றப்பட்டிருக்கிறது. வேறு காரணத்தைத் தேடும் முன் இதை உறுதி செய்யுங்கள்.

இது எப்படி நேர்கிறது என்பதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்டிக்குத் தேவை 800 மி.லி., கையில் இருப்பது 1 லிட்டர் டப்பா; மிச்சம் 200 மி.லி.யை வைத்து என்ன செய்வது என்று அதையும் சேர்த்து ஊற்றிவிடுகிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சைடு ஸ்டாண்டில் அவசரமாக வடித்திருந்தால், பழைய ஆயிலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கியிருக்கும். மட்டம் உயர்ந்ததும் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்க, அந்த நுரை வாயுவோடு ஏறி ஃபில்டர் பெட்டிக்கு வந்துவிடுகிறது.

ஒருவர் தம் 100 சிசி பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிளாக்கும் (சிலிண்டர் இருக்கும் பாகம்) பிஸ்டனும் மாற்றுவதற்கான மதிப்பீட்டுச் சீட்டு சட்டைப் பையில் ஏற்கெனவே இருந்தது. டிப் ஸ்டிக்கைத் துடைத்து வைத்து எடுத்தால், மேல்கோட்டுக்கு மேலே கட்டைவிரல் நக அகலத்துக்கு ஆயில். மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்சின் முனையில் டிரிப் ஏற்றும் குழாயைச் செருகி, டிப் ஸ்டிக் துளை வழியாக இறக்கி உறிஞ்சினோம். நான்கு சிரிஞ்ச் நிறைய, ஐந்தாவதில் பாதி வந்த பிறகுதான் மட்டம் கோடுகளுக்கு இடையே இறங்கியது. பெட்டியைத் துடைத்து, ஹோஸைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு அனுப்பினேன். அடுத்த இரண்டு சர்வீஸிலும் அந்தப் பெட்டி உலர்ந்தே இருந்தது.

சிரிஞ்ச் இல்லாவிட்டால் வடிபோல்ட்டைச் சற்றே தளர்த்தி வடிக்கலாம், ஆனால் அளவு கைமீறிப் போக வாய்ப்பு உண்டு. மட்டத்தை மேல்கோட்டில் நிறுத்தாமல் இரு கோடுகளுக்கும் நடுவிலிருந்து சற்று மேலே நிறுத்துவது என் வழக்கம்.

## அறிகுறி: ஊற்றாமலே ஆயில் மட்டம் உயர்கிறது, ஆயிலில் பெட்ரோல் வாசம்

கார்புரேட்டர் வண்டிகளின் நோய் இது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இரு சக்கர வாகனங்கள் பெரும்பாலும் இன்ஜெக்டருக்கு மாறிவிட்டதால், பழைய வண்டிகளில்தான் இதைப் பார்க்க முடிகிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் மிதவை ஊசி சரியாக அடைக்காதபோது, நிறுத்தியிருக்கும் வண்டியில் பெட்ரோல் மெல்லக் கசிந்து சிலிண்டர் வழியாக ஆயிலோடு கலந்துவிடுகிறது. ஆயில் நீர்த்துப் போவதால் எளிதில் ஆவியாகிப் பிரீதரில் ஏறுகிறது.

டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஒரு சொட்டு ஆயிலை இரு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு குறைந்து தண்ணீர் போல ஓடினால் ஐயமே வேண்டாம். இரவில் பெட்ரோல் டேப்பை மூடி வைத்து, மூன்று நாள் மட்டம் உயராமல் இருந்தால் காரணம் உறுதியாகிவிடும். ஊசியில் தூசி அடைத்திருந்தால் கழுவினால் போதும். அதன் முனையில் வளையம் போலத் தேய்ந்த தடம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். ஊசியை மாற்றிய பின் பெட்ரோல் கலந்த ஆயிலை முழுவதுமாக வடித்துப் புதிது ஊற்றுங்கள். அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம். நீர்த்த ஆயிலில் ஓட்டினால், இல்லாத ரிங் தேய்மானத்தை நாமே வரவழைத்துக்கொள்வோம்.

## அறிகுறி: ஃபில்டர் பெட்டியில் பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு

டிப் ஸ்டிக்கில் உள்ள ஆயிலின் நிறம் என்ன என்பதே இங்கு வழியைப் பிரிக்கும்.

ஆயில் தெளிவாக இருந்து, குழம்பு ஹோஸிலும் பெட்டியிலும் மட்டும் இருந்தால்: கடைத்தெரு வரை, பள்ளிக்கூடம் வரை என்று இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியாக இருக்கும். எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் உள்ளே வியர்க்கும் நீர் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலோடு கலக்கிறது. குழாயைச் சுத்தம் செய்துவிட்டு, வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் சரியாகிவிடும்.

டிப் ஸ்டிக்கிலும் பால் நிறம் என்றால்: எஞ்சினுக்குள் நீர் புகுந்திருக்கிறது. வெள்ளம் தேங்கிய சாலையில் ஓட்டியிருந்தால் அல்லது பிரஷர் பம்பில் வண்டியைக் கழுவியிருந்தால், ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை மாற்றுங்கள். ஒரு முறை மாற்றியும் நிறம் முழுதாகத் தெளியாவிட்டால் சற்று ஓடவிட்டு இரண்டாம் முறையும் மாற்ற நேரலாம். ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலன்ட்டும் சேர்ந்து குறைந்தால், ஹெட் கேஸ்கெட்டோ வாட்டர் பம்ப் சீலோ போயிருக்கும். அங்கே நம் வேலை முடிந்தது. வண்டியை ஓட்டாமல் ஏற்றிச் சென்று மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## அறிகுறி: வண்டி சாய்ந்து விழுந்த பின் ஆயில் வந்தது

ஆயில் தானாகப் பிரீதர் வழியாக ஓடி வந்திருக்கிறது. துடைத்து, மட்டம் பார்த்து, குறைந்ததை ஊற்றினால் போதும். எச்சரிக்கை ஒன்றுண்டு: நீண்ட நேரம் கவிழ்ந்து கிடந்த வண்டியின் கிக்கர் வழக்கத்துக்கு மாறாகக் கடினமாக இருந்தால் பலம் போட்டு மிதிக்காதீர்கள், செல்ஃபும் போடாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக்கரைத் தள்ளினால் சிலிண்டரில் தேங்கிய ஆயில் வெளியே வந்துவிடும்.

## அறிகுறி: மட்டம் சரி, வாசம் இல்லை, குழம்பும் இல்லை, ஆனாலும் ஆயில் வருகிறது

இங்கேதான் பொறுமை தேவை. முதலில் பிரீதர் ஹோஸை இரு முனையிலும் கழற்றுங்கள். மடிந்து நசுங்கியிருக்கிறதா, உள்ளே கசடு அடைத்திருக்கிறதா, எஞ்சினிலிருந்து மேல்நோக்கி ஏறிப் போக வேண்டிய குழாய் தவறாகக் கீழே வளைத்து மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏறிப்போகும் குழாயில் ஆயில் துளிகள் மீண்டும் எஞ்சினுக்கே வழிந்து இறங்கும். தொங்கும் குழாயில் அதற்கு வழியில்லை. மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, உரிய கிளிப்போடு மாட்டுங்கள். கையேட்டில் சொன்னதைவிட நீர்த்த ரக ஆயில் ஊற்றியிருந்தால் அதையும் மாற்றுங்கள். நெடுஞ்சாலையில் மட்டும் ஆயில் தள்ளும் வண்டிகளில் இவ்விரண்டோடு பெரும்பாலும் குறை தீர்கிறது.

அதற்கும் கட்டுப்படாவிட்டால் அளந்து பார்க்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றின் மூடியில் ஹோஸ் நுழையும் அளவுக்கு ஒரு துளையும், காற்றுப் போக இன்னொரு சிறு துளையும் இடுங்கள். ஹோஸின் ஃபில்டர் பக்க முனையைப் புட்டிக்குள் விட்டு, சைலன்சரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். பெட்டியில் ஹோஸ் இருந்த துளையை அடைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் வடிகட்டாத தூசி நேராக எஞ்சினுக்குப் போகும். இப்படியே 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். என் கைக்கணக்கு இது: 5 மி.லி.க்குள் இருந்தால், அதுவும் நீர் கலந்த பழுப்பாக இருந்தால், வண்டி நலம். 10 முதல் 30 மி.லி. என்றால் மட்டத்தையும் ஹோஸையும் மறுபடி பாருங்கள், 50 மி.லி.க்கு மேல் சுத்தமான ஆயில் சேர்ந்தால் அடுத்த தலைப்புக்குச் செல்லுங்கள். சோதனை முடிந்ததும் ஹோஸைப் பெட்டியிலேயே மாட்டிவிடுங்கள். அதை நிரந்தரமாக வெளியே தொங்கவிட்டு "சரி செய்துவிட்டோம்" என்று அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அது குறையை மறைப்பதோடு, ஆயில் புகையைத் தெருவில் விடுவதும் ஆகும்.

## அறிகுறி: ஆயில் வருகிறது, இழுவை குறைந்தது, நீலப் புகையும் உண்டு

ரிங்கையும் சிலிண்டரையும் ஐயப்பட வேண்டிய இடம் இதுதான். எஞ்சின் சூடாக ஐடிலில் ஓடும்போது ஹோஸ் முனைக்கு எதிரே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் காற்று விட்டுவிட்டுத் துடிப்பது இயல்பு. துடிப்போடு நீலப் புகை இடைவிடாமல் வந்து, காகிதத்தில் ஆயில் தெறித்தால் ரிங்கைத் தாண்டி வாயு இறங்குகிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி இதைப் பார்க்க வேண்டாம். பல வண்டிகளில் சூடான ஆயில் கையில் தெறிக்கும்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது. இதற்கு அளவுமானி வேண்டும் என்பதால், இங்கிருந்து நல்ல மெக்கானிக்கிடம் செல்வதே சரி. ஆனால் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். எஞ்சின் சூட்டோடு, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து ஓர் அளவு எடுக்க வேண்டும். பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு இரண்டாவது அளவு எடுக்க வேண்டும். அளவு நன்றாக உயர்ந்தால் ரிங் அல்லது சிலிண்டர், உயராவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வுக் குறைக்கு பிளாக்கை மாற்றுவதில் பயனில்லை.

ரிங் என்று உறுதியான பிறகும், பிளாக்கைக் கழற்றி அளந்து பார்த்த பின்தான் ரிங் மட்டும் போதுமா, ரீபோர் செய்வதா (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), முழு கிட் (புது பிளாக், பிஸ்டன், ரிங்) வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். கீறல் நகத்தில் தட்டுப்படும் சிலிண்டரில் புது ரிங் போடுவது காசைக் கரைப்பதுதான்.

எஞ்சின் வேலை முடிந்து வந்த வண்டியிலேயே ஆயில் வந்தால், முதல் 500 கிலோமீட்டர் வரை பொறுங்கள். ரிங் பதிய நேரம் வேண்டும். ஆயிரத்தைத் தாண்டியும் குறையாவிட்டால் ரிங் தலைகீழாகப் போடப்பட்டதா, ரிங் வாய்கள் (வளையங்களின் வெட்டு இடைவெளிகள்) ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா, சிலிண்டருக்கு ஹோனிங் (உட்சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இடுவது) செய்தார்களா என்ற மூன்றையும் வேலை செய்தவரிடமே கேளுங்கள்.

## காரணத்தைச் சரிசெய்த பின்

ஆயில் ஊறிய காகித ஃபில்டரைக் கழுவவோ காற்றடித்துப் பயன்படுத்தவோ முடியாது. புதிது சில நூறு ரூபாய்தான். ஃபோமை மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்பு நீரிலும் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டலாம். பெட்டியின் உட்புறத்தையும் கார்புரேட்டர் அல்லது திராட்டில் பாடியின் வாயையும் துடையுங்கள். காரணத்தைத் தீர்க்காமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமும் அதே கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

## கார் என்றால்

பெட்ரோல் காரில் முதலில் பிசிவி வால்வை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் எரிவதற்கு உள்ளே அனுப்பும் வால்வைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால், எஞ்சின் வாயு போக வேண்டிய வழியை விட்டு, புதுக் காற்று வரும் குழாய் வழியாகத் திரும்பி ஃபில்டருக்கு ஆயிலைக் கொண்டு வருகிறது. தனியாகக் கழற்றக்கூடிய வால்வு என்றால் காதருகே குலுக்கிப் பாருங்கள்; பல மாடல்களில் உள்ளே கலகலக்க வேண்டும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது அதன் முனையை விரலால் அடைத்தால் உறிஞ்சுவது தெரிய வேண்டும். விலை குறைந்த பாகம், மாற்றிவிடலாம்.

டர்போ டீசல் காரில் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயில் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்பு. ஃபில்டரே நனைந்திருப்பது இயல்பல்ல. பிஎஸ்-6 டீசலில், ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் சுற்று பாதியில் நிற்பதால் டீசல் ஆயிலோடு கலந்து மட்டம் உயர்வதுண்டு. இதை அலட்சியம் செய்யக் கூடாது. டீசல் எஞ்சின் தன் ஆயிலையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கினால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியில் அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்து, உச்ச கியரைப் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை மூச்சடைக்கச் செய்வதே வழி. ஆகவே டீசல் காரில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கக் கண்டால் சர்வீஸ் மையத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டாம். மெக்கானிக்கை நிற்கும் இடத்துக்கு வரவழையுங்கள், இல்லையேல் வண்டியை ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள்.